இருபத்தஞ்சு கிராம் புளி

என்ற தராசு பொய் சொல்லுமுங்க. மொதல்லயே சொல்லிப்போடறேன். அப்புறம் நடுவுல கண்டுபுடிச்சு, "அட, நாயுடம்மாவா இப்படி"ன்னு நீங்க வாயப் பொளக்க வேண்டாம். சாமான் வைக்கிற தட்டுக்கு அடியில, வெளிய தெரியாத எடத்துல இருபத்தஞ்சு கிராம் புளி. கொட்டை எடுத்து, நல்லா உருட்டி, அப்பி வச்சது. கால் கிலோ சக்கரைன்னு வந்து நின்னீங்கன்னா இருநூத்தி இருபத்தஞ்சுதான் உங்க ஊட்டுக்குப் போகும். பதிமூணு வருசம் அப்படித்தான் போச்சு.

என்ற பேரு ரங்கநாயகி, ஊருக்கு நாயுடம்மா. கிணத்துக்கடவு தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டு மேல, பஸ் நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்புல என்ற மளிகைக் கடை. புளி ஒட்டறதுக்குக் காரணம் என்ற ஊட்டுக்காரரு சுந்தரராஜுலு. கடையில காலையில இருந்து விக்கிறது சாயந்தரம் ஒயின் ஷாப்புக்குப் போயிரும். கேட்டா, "கவர்மெண்டே லைசென்ஸ் குடுத்து விக்குது, நான் என்ன திருட்டுத்தனமாவா குடிக்கிறேன்"ம்பாரு. லைசென்ஸோட குடிச்சு, லைசென்ஸோட ஈரல் கெட்டு, எம்பத்தேழாம் வருசம் போய்ச் சேந்தாரு. ஆளு போன பொறகாவது அந்தப் புளியச் சுரண்டிப் போட்டிருக்கலாம். போடல. வெக்கத்த விட்டுச் சொல்றேன், பழகிப்போச்சு. வருசா வருசம் எடை ஆபீஸ்ல தராசுக்கு முத்திரை வைக்கப் போறப்பச் சுடுதண்ணி ஊத்திச் சுரண்டுவேன். திரும்பி வந்ததும் புதுசா ஒட்டிப்போடுவேன்.

இதுல ரெண்டு சூட்சுமம் இருக்குதுங்க. வெறும் தராசத் தூக்கினா சாமான் தட்டு தொங்கீரும், குட்டு ஒடஞ்சுபோகும். அதனால எடைக்கல் வைக்கிற தட்டுல எப்பவும் ஒரு அம்பது கிராம் கல்லு கெடக்கும். வெறுமனே விடவே மாட்டேன், நிறுக்கறப்பத்தான் அத எடுப்பேன். ரெண்டாவது, முள்ளு ஆடி நிக்கிற நேரத்துல வாங்க வந்த ஆளோட கண்ணு அது மேல இருக்கக் கூடாது. அதுக்கு ஒரு கேள்வி வச்சிருந்தேன். "சாப்பிட்டாச்சா கண்ணு?" அவ்வளவுதான். இதக் கேட்டா எப்பேர்ப்பட்டவனும் தலையத் தூக்கி நம்ம மூஞ்சியப் பாத்துத்தான் பதில் சொல்லுவான். அவன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொட்டலம் கட்டியாச்சு. ஊருக்குள்ள இதுக்கே எனக்கு நல்ல பேரு. நாயுடம்மா வாய் நெறையக் கேப்பாங்க, அந்தக் காலத்து மனுசின்னு சொல்லுவாங்க. நானும் சிரிச்சுக்குவேன்.

என்ற மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. தீவாளி நோம்பிக்கு வருவான், சாப்பிடுவான், கையக் கழுவறப்பவே பஸ்சு டைமு பாப்பான். கடைய அடைச்சுப்போட்டா எங்கூடப் பேச ரேடியோவத் தவிர நாதியில்ல. சக்கரை வேணும் பருப்பு வேணும்னு நாலு பேரு வந்து நின்னாத்தான் நான் வாயத் தொறக்கிறதே. அதனால ஞாயித்துக்கெழமைகூட அடைக்க மாட்டேன்.

தெனமும் நாலு மணிக்கு ஒருத்தன் வருவான். கதிரேசன். வயசு நாப்பத்தஞ்சு இருக்கும். கோயமுத்தூரு மில்லுல இருபது வருசம் இருந்தவன். மில்ல மூடினதும் ஊருக்கு வந்து, சைக்கிள் கடைக்குப் பொறத்தால ஒத்த ரூம்புல வாடகைக்கு இருந்தான். தேங்கா நார் கம்பெனியில கூலி. தெனமும் ஒரு கட்டு பீடி, நாலு நாளைக்கு ஒருக்கா அம்பது கிராம் டீத்தூளு, கால் கிலோ சக்கரை. அதிகமாப் பேச மாட்டான். நானா நோண்டித்தான் மில்லுக் கதையக் கேப்பேன். அவனுக்கு நூலு எடை பாக்கிற டிபார்ட்மெண்டாம். நூலக் கையில எடுத்தாலே என்ன எடைன்னு சொல்லிருவானாம், அப்புறந்தான் மிசின்ல வைப்பாங்களாம். "அட போடா, அளக்காத"ன்னு சிரிச்சேன். அவனும் சிரிச்சான். சக்கரையப் போட்டுக்கிட்டே "சாப்பிட்டயா?"ன்னேன். "ஆச்சுங்க"ன்னான். எப்பக் கேட்டாலும் "ஆச்சுங்க"தான்.

அவன் கஞ்சா குடிக்கிறது ஊருக்கே தெரியும். சாயந்தரமானாத் தோப்புக்குள்ள போயி, பீடியப் பிரிச்சு அதுல கொஞ்சம் வச்சு இழுத்துப்போட்டு, ரூம்புக்கு வந்து படுத்துக்குவான். யாரையும் ஒரு வார்த்தை பேசினதில்ல. யாருக்கும் குடுத்ததும் இல்ல. எனக்கு அந்தக் கருமத்தக் கண்டாலே ஆகாது. ஒருநாள் நல்லா வஞ்சேன்.

"எதுக்குடா இந்தக் கெரகம்? குடும்பத்தத் தொலச்சது பத்தாதா?"

"மிசின் சத்தமுங்கம்மா. மில்லு மூடி மூணு வருசமாச்சு, காதுக்குள்ள இன்னும் ஓடிட்டே இருக்குது. ரெண்டு இழுப்பு இழுத்தா நிக்குதுங்க. தூங்கறேன்."

அவன் பொண்டாட்டி அன்புச்செல்வி புள்ளையக் கூட்டிக்கிட்டு ஆனைமலைக்கு, அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. போறப்ப எங்கடையில நின்னுதான் அழுதா. "அடிக்கல, வையலீங்கம்மா. ஆனாக் கூப்பிட்டாக் கேக்கறதில்ல. உசுரோட இருக்கிற ஆளுகிட்டப் பத்துத் தடவை கூப்பிட்டுப் பாத்துட்டு உக்காந்திருக்கிறது எத்தனை கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாதுங்க." எனக்குத் தெரியும்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள பஸ்சு வந்துருச்சு.

தொண்ணூத்தாறு மாசி மாசம். வெயில் மண்டையப் பொளக்குது. ஆனைமலைப் பஸ்சுல இருந்து கதிரேசன் எறங்கறான், கையில ஒரு மஞ்சப் பை. எறங்கின காலு தரையில படல, ஒரு எஸ்.ஐ.யும் ரெண்டு போலீசும் புடிச்சுட்டாங்க. எவனோ சொல்லிவிட்டிருக்கான். வருசத்துக்கு ஒருக்கா மகளப் பாக்கப் போவான். வாரப்ப வருசத்துக்குண்டான கஞ்சாவ மொத்தமா வாங்கிட்டு வந்துருவான், மாசா மாசம் போயி எவங்கிட்டயும் நிக்கப் புடிக்காம. இது அப்புறமாத் தெரிஞ்சது. பையில இருக்கிறத எடை போட நேரா எங்கடைக்குக் கூட்டிக்கிட்டு வந்தாங்க.

"ஏனுங்கம்மா, தராசு முத்திரை வச்சதுதான?"ன்னாரு எஸ்.ஐ.

"போன மாசந்தான் வச்சதுங்க"ன்னேன். அது பொய்யில்ல.

சைக்கிள் கடைத் திருமலைசாமியையும் சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. பையில இருந்து எலையும் பூவுமாத் தட்டுல கொட்டினாங்க. நான் அரைக் கிலோக் கல்லு வச்சேன். சாமான் தட்டு எறங்கிக் கெடந்துச்சு. எஸ்.ஐ. கிராம் சுத்தமா வேணும்னாரு. கசகசா நிறுக்கிற சின்னக் கல்லு எடுத்தேன். பத்து வச்சேன், அப்புறம் அஞ்சு. முள்ளு ஆடுது. என்ற வாயிருக்கே, அது பாட்டுக்குக் கேட்டுப்போடுச்சுங்க:

"சாப்பிட்டயா கதிரேசா?"

போலீசுக்காரங்க சிரிச்சுட்டாங்க. "நல்லா விசாரிக்கிறீங்கம்மா, இனி நாங்க போடறோம் சோறு"ன்னான் ஒருத்தன். கதிரேசன் என்னையப் பாத்தான். அப்புறம் தட்டப் பாத்தான். மறுபடி என்னையப் பாத்தான்.

"ஆச்சுங்க"ன்னான்.

ஐநூத்திப் பதினஞ்சு கிராம்னு எழுதினாங்க. நான் கையெழுத்துப் போட்டேன், திருமலைசாமி போட்டான். ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. தட்ட ஒரு தடவை ஈரத் துணியால தொடச்சேன், அந்த வாசம் போகோணும்ல. அடியில கை படாமத் தொடைக்கிறது எனக்குப் பழக்கம்.

ரெண்டு மாசங் கழிச்சு ஒரு வக்கீலு ஸ்கூட்டர்ல வந்து எறங்கினான். சின்ன வயசு, பேரு ஆல்வின். கதிரேசனுக்கு ஆளில்லைன்னு கோர்ட்டே வச்சுக் குடுத்த வக்கீலு. ஒரு கலர் சோடா வாங்கிக் குடிச்சுக்கிட்டே வெவரத்தச் சொன்னான்.

"ஒரு ஆளு தன்னோட சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வச்சிருந்தா, அரைக் கிலோ வரைக்கும் சின்ன அளவுன்னு சட்டம் சொல்லுதுங்கம்மா. மிஞ்சிப்போனா ஆறு மாசம். அதத் தாண்டிட்டா யாவாரத்துக்கு வச்சிருந்த மாதிரி, அஞ்சு வருசம் வரைக்கும் போடலாம். இவன் பதினஞ்சே பதினஞ்சு கிராம் தாண்டிட்டான். ஜாமீனும் அத்தனை லேசுல கெடைக்காது."

எனக்குக் கணக்கு அங்கயே முடிஞ்சுபோச்சு. ஐநூத்திப் பதினஞ்சுல இருபத்தஞ்சு போனா நானூத்தித் தொண்ணூறு.

"மறுபடி எடை போட முடியாதுங்களா?"ன்னேன்.

"இத்தனை நாள்ல காஞ்சு சருகாயிருக்கும், இப்பக் கம்மியாத்தான் நிக்கும். அத யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அன்னைக்கு நீங்க போட்ட எடைதான் எடை." கொஞ்சம் தயங்கிக் கேட்டான். "உங்க தராசு சுத்தந்தானுங்களே?"

கதிரேசன் ஜெயில்ல கெடக்குறான். இவன் என்ற மூஞ்சியப் பாத்துக் கேக்கறான். நான் என்ன சொல்லியிருக்கோணும்? சொன்னேன் பாருங்க: "முத்திரை வச்ச தராசு கண்ணு. வேணும்னாப் போயி ஆபீஸ்ல கேளு." எங்கிருந்து அந்தக் கோவம் வந்துச்சோ, தெரியல. கலர் பாட்டலக்கூட வெடுக்குன்னு புடுங்கி வச்சேன்.

அதுக்குள்ள திருமலைசாமி வந்து சேந்தான். வக்கீலுன்னு தெரிஞ்சதும் சண்டைக்கு நின்னுட்டான். "இந்த மாதிரி ஆளுகளத் தூக்குல போடோணும் சார். ஊரக் கெடுக்கறானுக."

"இந்த ஊர்ல யாரக் கெடுத்தாருங்க? ஒரு பேரச் சொல்லுங்க"ன்னான் ஆல்வின். "ஒரு ஆளு, தன்ற காசு, தன்ற ஒடம்பு. வடக்க போனீங்கன்னா இதே செடியோட எலைய அரைச்சு, லைசென்ஸ் கடையிலயே பாங்குன்னு விக்கறாங்க. நம்ம நாட்டுல இந்தச் சட்டம் வந்தே பதினோரு வருசந்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி இருந்தவங்கெல்லாம் குத்தவாளியா? நீங்க சாயந்தரமானா எங்க போவீங்க?"

"நான் குவார்ட்டரு போடறேன் சார், இல்லைங்கல. அது கவர்மெண்டு குடுக்கறது. இத விட்டா நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் புள்ளைக இழுக்கும். உங்க ஊட்டுப் பையன் இழுத்தா இப்படிப் பேசுவீங்களா? சொல்லுங்க பாக்கலாம்."

"பயமாத்தான் இருக்கும்"ன்னான் ஆல்வின். "ஆனா அஞ்சு வருசம் ஜெயில்ல போடச் சொல்ல மாட்டேனுங்க."

எனக்கு ரெண்டு பேரு மேலயும் எரிச்சலாப் போச்சு. லைசென்ஸ் வச்சுக் குடிச்ச ஆளுக்கு வாக்கப்பட்டு, சுடுகாட்டுக்கு அனுப்பி வச்சவ நான். லைசென்ஸ் இல்லாம இழுத்த ஆளுனால தாலி இருந்தும் தனியாப் போனவள பஸ் ஏத்தி விட்டவளும் நாந்தான். எது சரி எது தப்புன்னு இவனுக ரெண்டு பேருக்கும் என்ன தெரியும்? ஆனா ஒன்னு மட்டும் எனக்கு நல்லாத் தெரிஞ்சது. அஞ்சு வருசங்கறது சட்டம் போட்டதில்ல. நான் ஒட்டினது.

தெரிஞ்சும் சும்மா இருந்தேன். வைகாசி போச்சு, ஆடி போச்சு, தீவாளி போச்சு. சொன்னா என்னாகும்? ஊரே காறித் துப்பும். கடைக்கு ஒரு குஞ்சு வராது. வவுத்துப்பாடு எப்படியோ போகட்டும், மகன்கிட்டக் கை நீட்டிக்கலாம். ஆளு வரலைன்னா நான் யாருகிட்டப் பேசறது? அறுவது வயசுல சொவத்தப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா? இப்படித்தான் எனக்கு நானே வாதாடிக்கிட்டேன். நாலு மணியானா மட்டும் கண்ணு ரோட்டுக்குப் போகும். அவன் வாங்கற கணேஷ் பீடிக் கட்டு அலமாரியில அப்படியே இருந்துச்சு.

கார்த்திகை கடைசியில கேசு வருதுன்னு சம்மன் வந்துச்சு. நாலு நாளைக்கு முன்னாடி ஆல்வின் மறுபடி வந்தான். முன்ன மாதிரி வீராப்பு இல்ல, சோர்ந்துபோயிருந்தான்.

"பயப்படாம வந்து சொல்லிட்டுப் போங்கம்மா. நான் உங்களக் குறுக்கு விசாரணை பண்ணப் போறதில்ல."

"ஏன்?"

"தராசச் சோதிக்கச் சொல்லி மனுப் போடலாம்னு கதிரேசன்கிட்டச் சொன்னேன். வேண்டவே வேண்டாம்னுட்டாரு. 'தராசுப் பக்கம் போகாதீங்க சார், அந்தம்மா ஒண்டிக்கட்டை, அவிங்களுக்கு அந்தக் கடை ஒன்னுதான்'னு சொல்றாரு. நாலு தடவை கேட்டேன், அதையேதான் சொல்றாரு. ஏன்னு எனக்கு வெளங்கல."

எனக்கு வெளங்கிருச்சுங்க. சாக்கு மூட்டை மேல உக்காந்துட்டேன். நூலக் கையில எடுத்தாலே எடை சொல்றவன். மூணு வருசமா என்ற பொட்டலத்தக் கையில வாங்கினவன். அளக்காதடான்னு நான் சிரிச்சப்ப அவனும் சிரிச்சானே, அது என்ன சிரிப்புன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அவனுக்கு மொத நாள்ல இருந்தே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் கம்பிக்குள்ள கெடக்குறான், ஒம்பது மாசமா.

கேசு அன்னைக்குத் தராசக் கழட்டி, எடைக்கல்லோட கட்டப்பையில போட்டு, கோயமுத்தூரு பஸ் ஏறினேன். புளியச் சுரண்டல. திருமலைசாமி பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "அதெதுக்குங்கம்மா தராசு?"ன்னான். "கேப்பாங்களாமா"ன்னேன். உக்கடம் பஸ் ஸ்டாண்டு வாரவரைக்கும் மடியிலயே வச்சிருந்தேன்.

கோர்ட்டுல கதிரேசன் கூண்டுக்குள்ள நின்னான். பாதி ஆளாயிட்டான். தலை முக்காவாசி நரைச்சுக் கெடந்துச்சு. என்னையப் பாத்ததும் எந்நேரமும் கடைக்கு வாரப்பக் கும்பிடற மாதிரியே கும்பிட்டான். எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

என்னையச் சாட்சிக் கூண்டுல ஏத்தி அரசாங்க வக்கீலு கேட்டாரு. எடை போட்டது நீங்கதானா? ஆமாங்க. எத்தனை கிராம்? ஐநூத்திப் பதினஞ்சுங்க. கையெழுத்து உங்களுதா? ஆமாங்க. அவரு உக்காந்துட்டாரு. ஜட்ஜு ஆல்வினப் பாத்தாரு. அவன் பாதி எந்திரிச்சு, கேள்வி இல்லைன்னு சொல்லிட்டு உக்காந்தான். எறங்கலாம்னு கை காமிச்சாங்க.

நான் எறங்கல. "ஐயா, நான் ஒன்னு சொல்லோணும்"ன்னேன்.

"சொல்லுங்க."

"அந்த எடை பொய்யிங்க. என்ற தராசுல புளி ஒட்டியிருக்குது."

கூண்டுக்குள்ள இருந்து கதிரேசன், "அம்மா, வேண்டாமுங்க"ன்னு சத்தம் போட்டான். அவன் கொரலு ஒசந்து நான் கேட்டது அன்னைக்கு ஒருநாள்தான். போலீசு அவன அதட்டுச்சு. நான் தராச வெளிய எடுத்தேன். வெறுமனே தூக்கிப் புடிச்சேன். பதிமூணு வருசமா யாருக்கும் காட்டாதது. சாமான் தட்டு படக்குன்னு கீழ எறங்குச்சு.

அரசாங்க வக்கீலு குதிச்சாரு. இவ பொய் சாட்சி, நேத்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம், குத்தவாளிக்கு வேண்டியவள்னாரு. ஜட்ஜு தட்ட வாங்கித் திருப்பிப் பாத்தாரு. பேனா மூடியால நோண்டினாரு. கல்லாட்டம் காஞ்சு, கருத்து, பருப்புத் தூசியெல்லாம் அப்பிக் கெடக்குது. அது எத்தனை நாளானதுன்னு கண்ணிருக்கிற எவனுக்கும் தெரியும். எடைக்கல்லு வச்சுப் பாக்கச் சொன்னாரு. இருபத்தஞ்சு வச்சதும் முள்ளு நேரா நின்னுச்சு.

ஜட்ஜு கதிரேசன் பக்கம் திரும்பினாரு. "இது உனக்குத் தெரியுமா?"

அவன் என்னையப் பாத்தான்.

"வேண்டாம்னு இப்பக் கத்துனயே. தெரியுமான்னு கேக்கறேன்."

"தெரியுமுங்கய்யா. மொத நாள் சக்கரை வாங்கினப்பவே தெரியும். கை சொல்லிருமுங்க."

"தெரிஞ்சும் ஏன் அங்கயே வாங்கின? பிடிபட்டப்பவாவது ஏன் சொல்லல?"

கதிரேசன் கீழ பாத்துக்கிட்டே சொன்னான். "அந்த ஊர்ல என்னையச் சாப்பிட்டயான்னு கேக்கறது அவிங்க ஒருத்தருதானுங்கய்யா. மூணு வருசமாக் கேட்டுட்டு இருந்தாங்க. இருபத்தஞ்சு கிராம் அதுக்குன்னு வச்சுக்கிட்டேனுங்க."

அடப்பாவி, அந்தக் கேள்வியே திருட்டுடா, உன்ற கண்ணத் தராசுல இருந்து திருப்பறதுக்குக் கேட்டதுடான்னு அங்க வச்சே கத்தோணும் போல இருந்துச்சு. கத்தல. புளிய ஒத்துக்க முடிஞ்ச எனக்கு அத ஒத்துக்க முடியல.

ஒரு வாரத்துல தீர்ப்பு வந்துச்சு. எடையில சந்தேகம் இருக்கு, அதனால சின்ன அளவு, சொந்த உபயோகம், ஆறு மாசம். அவன் அதுக்கு மேலயே உள்ள இருந்துட்டதால விட்டுட்டாங்க. எனக்கு எடை ஆபீஸ்ல இருந்து வந்து அபராதம் போட்டாங்க. தராசக் கழுவித் திரும்ப முத்திரை வச்சுக் குடுத்தாங்க.

ஊரு என்ன பண்ணுச்சுன்னு நான் சொல்லோணுமா? திருமலைசாமி நடுரோட்டுல நின்னு, "பதிமூணு வருசமா எங்க புள்ளைக வாயில இருந்து புடுங்கித் தின்னியே"ன்னு கத்தினான். அவன் கத்தினதுல தப்பில்ல. பக்கத்து ஊட்டு மாரியாத்தாள், என்ற கடையில கை நீட்டிப் பொரிகடலை எடுத்துத் திங்கற அளவுக்கு ஒட்டா இருந்தவ, முந்தானைய வாயில வச்சுக்கிட்டுத் தாண்டிப் போனா. எல்லாரும் அடுத்த முக்குப் புதுக் கடைக்குப் போக ஆரம்பிச்சாங்க. மகன் போன் பண்ணி, "என்ற மானத்த வாங்கிட்ட"ன்னு வச்சுட்டான். கடையத் தொறப்பேன், கூட்டுவேன், தண்ணி தெளிப்பேன், உக்காந்திருப்பேன். ஒருநாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாம அடைச்சிருக்கேன். பேச்சு மறந்துபோயிருமோன்னு பயந்து, அலமாரியில இருக்கிற டப்பா பேரெல்லாம் சத்தமாப் படிப்பேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

கதிரேசனும் வரல. வெளிய வந்ததும் ஆனைமலைக்கு மகளப் பாக்கப் போயிட்டதாச் சொன்னாங்க. ஆல்வின் வந்து சொல்லிட்டுப் போனான். அங்க ரெண்டு நாள்தான் இருந்தானாம், அன்புச்செல்வி வாசல்லயே வச்சுப் பேசி அனுப்பிப்போட்டாளாம். அவளயும் தப்புச் சொல்ல முடியாது. திரும்பி வந்தவன் என்ற கடைப் பக்கம் ஏன் வரோணும்? இனி அவனுக்கு எங்கிட்ட என்ன இருக்குது? அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்.

தை பொறந்து பத்து நாள் இருக்கும். நாலு மணி. ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். முன்னாடி ஆளு நெழலு விழுந்துச்சு.

"கால் கிலோ சக்கரைங்கம்மா. அம்பது டீத்தூளு. ஒரு கட்டு பீடி."

நிமிந்து பாத்தேன். கதிரேசன். தராசத் தூக்கினேன். இப்பெல்லாம் அது வெறுமனே தொங்கும், ரெண்டு தட்டும் நேரா நிக்கும். கல்லு வச்சேன், சக்கரையப் போட்டேன். முள்ளு ஆடுச்சு. அவன் முள்ளப் பாக்கல. என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான். கேப்பேன்னு நிக்கறான். கேட்டா அது திருட்டு, கேக்காட்டி அவன் எதுக்கு வந்தான்?

"கதிரேசா"ன்னேன். "நான் அன்னைக்கெல்லாம் சாப்பிட்டயான்னு கேட்டது இருக்குல்ல, அது எதுக்குன்னா..."

"தெரியுமுங்கம்மா"ன்னான். "முள்ளு ஆடறப்பத்தான் கேப்பீங்க. பீடி மட்டும் வாங்க வந்தாக் கேக்க மாட்டீங்க."

"தெரிஞ்சுமாடா?"

"அதெதுக்கா இருந்தா என்னங்க. கேட்டீங்கள்ல."

சக்கரையக் கட்டினேன், டீத்தூளக் கட்டினேன். பீடிக் கட்ட எடுத்து வச்சேன். மூணையும் அவன் கையில குடுத்தேன். அவன் கை எடை பாத்துச்சு, அத நான் பாத்தேன். தராசத் தூக்கிக் கீழ வச்சேன். மூஞ்சிய முந்தானையில தொடச்சுக்கிட்டு, அவனுக்கு நேரா நின்னேன்.

"சாப்பிட்டயா கண்ணு?"

அவன் வழக்கமாச் சொல்றதுக்கு வாயத் தொறந்தான். தொறந்தவன் நிறுத்திப்போட்டான். கையில இருந்த பொட்டலத்தப் பாத்தான்.

"இல்லீங்க"ன்னான்.

உள்ள போயி அடுப்பப் பத்த வச்சேன்.